தனிமரம் தோப்பாகாது: கிருமிகளுக்கும்தான்

கிருமி என்றதும் நமக்கெல்லாம் டெட்டால் பாட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். கொரோனாவுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். என் வயதுக்காரர்கள் அம்மை குத்திய தழும்பை இன்னும் கையில் வைத்திருப்பவர்கள், காலரா ஊசிக்கு வரிசையில் நின்றவர்கள். நமக்குக் கிருமி என்றால் எதிரி. ஆனால் கடந்த இருபது வருஷமாக உலகம் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கிருமிகளை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ஒன்றுக்கு ஒரு வேலை, இன்னொன்றுக்கு இன்னொரு வேலை என்று பிரித்துக் கொடுத்து, எல்லாம் ஒன்றையொன்று நம்பி வாழும்படி செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகத்தில் லூயி பாஸ்டர் கிட்டத்தட்ட ஒரு சாமி. 1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மெய்ஸ்டருக்கு அவர் ஊசி போடவைத்துக் காப்பாற்றிய கதை எல்லா வகுப்பிலும் வரும். ஆனால் பாஸ்டர் கிருமி ஆராய்ச்சிக்கு வந்தது நாய்க்கடி வழியாக அல்ல, பால் புளிக்கிற வழியாக. 1857-இல் லீல் நகரத்தில் அவர் வாசித்த கட்டுரை பால் புளிப்பதற்குக் காரணம் உயிருள்ள ஒரு பொருள் என்று சொன்னது. 'மிக்ரோப்' என்ற சொல் அப்போது கிடையாது. அதை 1878-இல் செதியோ என்ற ராணுவ மருத்துவர் உண்டாக்கி, அகராதிக்காரர் லித்ரேயிடம் சரிதானா என்று கேட்டு ஒப்புதல் வாங்கினார். ஒரு சொல்லுக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறார் பாருங்கள், அது எனக்குப் பிடித்த விஷயம்.

பாஸ்டரும் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கும் காட்டிய வழி ஒன்றுதான். கூட்டத்திலிருந்து ஒரு கிருமியைத் தனியாகப் பிரித்தெடு, தனியாக வளர்த்துப் பார், அது என்ன செய்கிறதென்று எழுது. காசநோய், காலரா, டைபாய்டு என்று ஒவ்வொரு எதிரிக்கும் முகம் கிடைத்தது இப்படித்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஊரில் ஒருவனை லாக்கப்பில் தனியாக வைத்து விசாரித்தால் அவன் குடும்பத்தில் எப்படி நடந்துகொள்கிறான் என்பது தெரியாதல்லவா? கிருமி விஷயத்திலும் அது வெகுநாள் தெரியாமல்தான் இருந்தது.

முதலில் தெரிந்தது சாக்கடைத் தண்ணீரில். 1877-இல் பாரீஸில் ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணல் நிரப்பிய நீளமான குழாயில் கழிவுநீரை மெதுவாக இறக்கினார்கள். அதிலிருந்த அம்மோனியா சில வாரங்களில் நைட்ரேட்டாக மாறி வெளியே வந்தது. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டதும் வேலை நின்றுபோனது. மயக்க மருந்தில் நின்றுபோகிறது என்றால் வேலை செய்தது உயிர்தானே. அது எந்த உயிர் என்று பலரும் தேடினார்கள், யாருக்கும் பிடிபடவில்லை. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் விடையைச் சொன்னார். அது ஒரு கிருமி செய்கிற வேலையே அல்ல. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கி விட்டுவிடுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை எடுத்து நைட்ரேட் ஆக்குகிறது. முதல் மேஜையில் முடிந்த கோப்பு இரண்டாவது மேஜைக்குப் போகிற மாதிரி. இந்த வினோகிராட்ஸ்கி கடைசிக் காலத்தில் பாஸ்டர் நிறுவனத்திலேயே சேர்ந்து, பாரீஸுக்கு வெளியே ஒரு சிற்றூரில் மண்ணை மண்ணாகவே வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை எங்கள் பாடப் புத்தகம் சொல்லவில்லை.

நம் வீட்டு அடுக்களையிலும் இதே கதைதான். இதில் வேடிக்கையாக இரண்டு ஜெனீவா வருகிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 1905-இல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், தன் ஊர்த் தயிரில் இருந்த நீளமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அதற்குப் பல்கேரியா பெயரே வந்தது. அந்தத் தயிரில் அது தனியாக இல்லை. உருண்டையான இன்னொன்றும் கூட இருக்கிறது. நீளமானது பாலின் புரதத்தை உடைத்து உருண்டைக்குச் சாப்பாடு தருகிறது. உருண்டையானது ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் தந்து நீளத்தை வளர்க்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பாலில் விட்டால் புளிக்க நேரமாகும், சேர்த்து விட்டால் சீக்கிரம் தோய்ந்துவிடும்.

இன்னொரு ஜெனீவா அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1965-இல் நம் இட்லி மாவை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். ஈஸ்ட் வேண்டாம், சோடா வேண்டாம், உளுந்தோடும் அரிசியோடும் வருகிற கிருமிகளே போதும் என்று கண்டார்கள். முதலில் லூக்கோனோஸ்டாக் என்பது கிளம்பி வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்கவைக்கும். புளிப்பு ஏற ஏற, அந்தப் புளிப்பைத் தாங்கக்கூடிய வேறு கிருமிகள் பின்னால் வந்து சேரும். யாரும் ஆணை போடவில்லை, ஆனால் ஷிஃப்ட் மாறுகிறது. நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தக் கூட்டு வேலையை முதன்முதலில் பெரிய அளவில் பொறியியலாக மாற்றியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். 1914-இல் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் கழிவுநீரைப் பாட்டிலில் ஊற்றிக் காற்றடித்தார்கள். முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் போல ஆனது. வேறு யாராக இருந்தாலும் பாட்டிலைக் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பித்திருப்பார்கள். இவர்கள் தெளிந்த தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அப்படியே வைத்து, அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் நாள் குறைந்தது. கடைசியில் ஐந்து வார வேலை ஒரு நாளைக்குள் முடிந்தது. தயிருக்கு உறை வைக்கிற அதே சூட்சுமம்தான். இவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

இன்று கோயம்பேட்டில் மாநகரின் கழிவுநீரைச் சுத்தம் செய்வதும் இப்படிப்பட்ட சேறுதான். அங்கே இன்னும் மேலே போய் வடிகட்டி, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. அம்பத்தூர் பக்கம் புதிதாக எழும்பிய பெரிய அடுக்குமாடிகள் ஒவ்வொன்றிலும் அடித்தளத்தில் ஒரு சின்ன பிளான்ட் ஓடுகிறது. உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஆரம்பத்துல சாணி கரைச்சு ஊத்தினோம் சார், பிடிக்கல. ஒரே வெள்ளை நுரை. அப்புறம் வேற பிளான்ட்லேருந்து ஒரு லாரி சேறு கொண்டாந்து விட்டோம். பத்து நாள்ல அடங்கிடுச்சு" என்றார். ஆர்டெர்ன், லாக்கெட் பெயரெல்லாம் அவர் கேள்விப்பட்டதில்லை. அதனால் என்ன?

இதற்கு நேர் எதிரான ஒரு பாதையும் உண்டு. அதைத் திறந்தது ஓர் இந்தியர். மேற்கு வங்கத்தில் பிறந்து அமெரிக்கா போன ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, 1971 வாக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் கச்சா எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவைத் தேடினார். எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல, பல பொருள்களின் கலவை. ஒவ்வொரு பொருளுக்கும் அதைத் தின்னும் ஒரு பாக்டீரியா வகை இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் ஒன்றோடொன்று போட்டி போட்டன. சரி, நாலு பேரை ஒத்துப்போக வைப்பதைவிட நாலு பேர் வேலையையும் ஒருவனிடமே கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவுசெய்தார். நாலு வகைகளின் 'பிளாஸ்மிட்' என்னும் மரபணு வளையங்களை ஒரே பாக்டீரியாவுக்குள் புகுத்தினார். உயிருள்ள பொருளுக்கு காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 ஜூன் 16 அன்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தரலாம் என்று தீர்ப்பு வந்தது. உயிர்த்தொழில்நுட்பக் கம்பெனிகள் எல்லாம் இன்றும் அந்தத் தீர்ப்பின்மேல்தான் நிற்கின்றன.

ஆனால் அந்த ஒற்றை வீரன் எந்தக் கடலிலும் இறங்கி எண்ணெய் குடிக்கவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நம் பிள்ளைகளும் மீனவர்களும் வாளியில் அள்ளியதை டி.வி.யில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் கையால்தான் அள்ளினார்கள். அள்ளிய சேற்றை 2017-இல் மக்கவைத்தது பாக்டீரியாக் கலவை. நம் நாட்டில் இந்த மாதிரி வேலைக்கு டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' என்பதும் ஒரு கலவைதான். இயற்கையில் கிடைத்த பல வகைகளைச் சேர்த்து மக்காச்சோளச் சக்கைத் தூளில் ஏற்றித் தருகிறார்கள். கோர்ட்டில் ஜெயித்தது தனி ஆள். குழியில் இறங்கி வேலை செய்வது கூட்டம்.

இப்போது மாணவர்களிடம் வருவோம். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு மாதத்து விடுமுறை வகுப்பாக இது தொடங்கியது. அடுத்த வருஷம் ஐந்து கல்லூரிகள் கலந்துகொண்ட போட்டியாயிற்று. பிறகு 'ஐஜெம்' என்ற பெயரில் உலகப் போட்டியாக வளர்ந்தது. இதற்கு மூலவர்களில் ஒருவரான டாம் நைட் கம்ப்யூட்டர் துறைக்காரர். உயிரின் பாகங்களையும் ஒரே அளவில் செய்து வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டலாமே என்பது அவர் எண்ணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பட்டறையில் கடைந்த போல்ட்டு இன்னொரு பட்டறையின் நட்டில் ஏற வேண்டுமென்றால் த்ரெட் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மாதிரி த்ரெட் ஒன்றாக்கிய மரபணுத் துண்டுகளுக்கு 'பயோபிரிக்' என்று பெயர். உயிரின் செங்கல் என்று சொல்லலாம். மாணவர்கள் ஒரு கோடை விடுமுறைக்குள் இந்தச் செங்கல்களைக் கொண்டு ஏதாவது ஒரு பாக்டீரியாவைக் கட்டி, வருஷக் கடைசியில் வந்து விளக்க வேண்டும். முதல் பரிசு அலுமினியத்தில் வார்த்த ஒரு செங்கல்.

ஆரம்ப காலத்து வேலைகள் பாதி விளையாட்டு மாதிரி இருக்கும். 2006-இல் எம்.ஐ.டி. பிள்ளைகள் ஆய்வுக்கூடத்து பாக்டீரியாவின் நாற்றம் தாங்காமல், அது வளரும்போது ஒரு தைல வாசனையும் வளர்ந்து முடிந்ததும் வாழைப்பழ வாசனையும் வரும்படி செய்தார்கள். அதே வருஷம் எடின்பரோ மாணவர்கள் குடிநீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று காட்டும் பாக்டீரியாவைச் செய்தார்கள். வங்காளத்துக் கிணறுகளை நினைத்துச் செய்தது அது, விளையாட்டல்ல. பெங்களூரிலிருந்தும் அந்த வருஷமே ஓர் அணி போனது. 2008-இல் நம் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் போனார்கள். சூடு, பட்டினி மாதிரி பாக்டீரியாவுக்கு நெருக்கடி வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் மரபணு ஸ்விட்சுகளை ஒரு தொகுப்பாகச் செய்தார்கள். 2009-இல் பெங்களூரில் ஓவியம், வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் ஓர் அணியாகச் சேர்ந்து, முதல் மழையில் மண் வாசனை தருகிற ஜியோஸ்மின் என்னும் பொருளை பாக்டீரியாவில் உண்டாக்கினார்கள். இவர்களில் யாரும் விஞ்ஞானம் படித்தவர்கள் இல்லை. இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆவடியில் செம்மண் தெரு இருந்த காலத்து வாசனை இனி ஒரு குழாயில் வரும்!

என் மனசில் நின்றது 2007-ஆம் வருஷம். பிரான்ஸிலிருந்து முதல் தடவையாக ஓர் அணி, பாரீஸ் மாணவர்கள், அமெரிக்கா போனார்கள். மற்றவர்கள் ஒரு பாக்டீரியாவை எப்படிக் கெட்டிக்காரனாக்குவது என்று யோசித்தபோது இவர்கள் ஒரு குடும்பத்தை எப்படி உண்டாக்குவது என்று யோசித்தார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அறுத்த நெல்லில் கொஞ்சத்தை விதைநெல்லாக எடுத்து வைப்போம், மீதியைச் சாப்பிடுவோம். விதைநெல் நாளைக்கு, மற்றது இன்றைக்கு. பாரீஸ் பிள்ளைகள் ஒரே பாக்டீரியாவில் இப்படி இரண்டு பிரிவு வைத்தார்கள். ஒரு பிரிவு விதைநெல்; அது பெருகும், ஆனால் அதன் சுவர் கட்டத் தேவையான ஒரு பொருளை அதனால் தயாரிக்க முடியாது. அதிலிருந்தே சில பிரிந்து உழைக்கும் பிரிவாக மாறும். இவை அந்தப் பொருளைத் தயாரித்து வெளியே கொடுக்கும், ஆனால் இனிமேல் பெருக முடியாது. உழைப்பவன் இல்லாமல் விதை இல்லை, விதை இல்லாமல் உழைப்பவன் பிறப்பதில்லை. ஒரு கோடையில் முழு உயிரையும் கட்டி நிறுத்த முடியுமா என்ன? பாகங்களைச் சோதித்து, மீதியைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த ஆறு அணிகளில் அவர்களும் இருந்தார்கள்.

அலுமினியச் செங்கல் அந்த வருஷம் பீகிங் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அவர்கள் செய்ததும் இதற்கு உறவுதான். ஒரே மாதிரியான பாக்டீரியாக்கள், மேலிருந்து யாரும் சொல்லாமல், தாங்களாகவே வேறு வேறு வேலைக்குப் பிரிந்து நிற்கும்படி செய்யும் ஏற்பாடு. தொழிற்சாலை அசெம்பிளி லைன் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். உலகத்தின் இரண்டு மூலைகளில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மாணவர் அணிகள், சக்ரவர்த்தி கைவிட்ட இடத்தையே போய்த் தொட்டிருக்கின்றன. நாலு பேரை ஒத்துப்போக வைப்பது கஷ்டம் என்று அவர் ஒருவனாக்கினார். இந்தப் பிள்ளைகள் அந்தக் கஷ்டத்தையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள். என் கணக்கில் இது பெரிய திருப்பம்.

அந்தக் கஷ்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எந்த ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். காலையில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார், நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார், சம்பளம் மட்டும் முதல் தேதி சரியாக வாங்குவார். பாக்டீரியாக் கூட்டத்திலும் அவர் உண்டு. பொதுவில் கொட்டப்படும் சத்தை எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுவார், தான் ஒன்றும் கொடுக்க மாட்டார். கொடுப்பதற்கு சக்தி செலவாகும். அந்தச் செலவு இல்லாததால் அவர் மற்றவர்களைவிட வேகமாகப் பெருகுவார். கொஞ்ச நாளில் கூட்டம் முழுக்க அவர் வாரிசாக இருக்கும். கொடுப்பவன் இல்லாமல் எல்லாரும் பட்டினி கிடப்பார்கள். இந்த ஆளை உண்டாக்க யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது எங்கோ ஒரு மரபணு பிசகினால் போதும்.

இது வெறும் பயமல்ல, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வென்யிங் ஷோ என்ற பெண் விஞ்ஞானி 2007-இல் இரண்டு வகை ஈஸ்ட்டை ஒன்றையொன்று நம்பி வாழும்படி செய்தார். ஒன்று லைசின் என்ற சத்தைக் கொடுக்கும், மற்றது அடினின் என்பதைக் கொடுக்கும். தனியாக விட்டால் இரண்டும் பிழைக்காது. சேர்த்து விட்டால் வளர்ந்தன. 2012-இல் சியாட்டிலில் அவர் குழு அதே கூட்டத்தில் வேண்டுமென்றே ஏமாற்றுக்காரனையும் விட்டது. ஒரே மாதிரி தொடங்கிய குழாய்கள் ஒரே மாதிரி முடியவில்லை. சிலவற்றில் ஏமாற்றுக்காரன் பெருகிக் கூட்டம் அழிந்தது. வேறு சிலவற்றில் கொடுப்பவர்களில் ஒருவன் தற்செயலாகச் சூழலுக்கு ஏற்ற ஒரு மாற்றத்தை முதலில் பெற்று வேகமெடுக்க, ஏமாற்றுக்காரன் மெல்ல மெல்லக் காணாமல் போனான். எந்தக் குழாய் எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

2016-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர்கள் வேறொரு வழியில் போனார்கள். பாக்டீரியாக்கள் ஒருவித ரசாயனத்தை வெளியே விட்டு, அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துத் தங்கள் கூட்டம் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும். ஆஜர் பட்டியல் மாதிரி. இம்பீரியல் மாணவர்கள் இரண்டு கூட்டங்களுக்கு இரண்டு ஆஜர் பட்டியல் கொடுத்து, எது அளவுக்கு மேல் போகிறதோ அது தானே வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும்படி திட்டமிட்டார்கள். நல்லவனாக இரு என்று யாருக்கும் புத்தி சொல்லவில்லை, விகிதத்தைக் காப்பாற்று என்று மட்டும் விதி வைத்தார்கள். அந்த வருஷம் இளநிலைப் பிரிவில் முதல் பரிசு அவர்களுக்குத்தான். நிர்வாகம் தெரிந்த பிள்ளைகள்.

இதையெல்லாம் காலை நடையில் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட வருகிறவர், ஆவடி டாங்க் ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டென்று நின்றார். "அப்ப அந்தக் கூட்டத்தக் கொண்டாந்து நம்ம கொரட்டூர் ஏரியில விட்டா சாக்கடையெல்லாம் தின்னுடுமில்ல சார்?" என்றார். நியாயமான கேள்வி. ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றி அங்குள்ள குடியிருப்போர் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். ஆனால் மாணவர்களின் பாக்டீரியா ஒன்றுகூட ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது போட்டியின் விதி. நம் நாட்டுச் சட்டம் அதைவிடக் கண்டிப்பு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வந்த விதிகளின்படி, மரபணு மாற்றிய எந்த நுண்ணுயிரையும் மத்திய அரசின் குழுவைக் கேட்காமல் வெளியில் விட முடியாது. அந்தக் குழுவின் பெயரில் 'அப்ரூவல்' என்று இருந்தது. கத்தரிக்காய் சர்ச்சைக்குப் பிறகு 2010-இல் அதை 'அப்ரெய்சல்' என்று மாற்றினார்கள். குழுவின் எழுத்துச் சுருக்கம் மாறவில்லை, லெட்டர்பேடுக்குச் செலவில்லை. ஆனால் 'ஒப்புதல் அளிக்கப்படுகிறது' என்று எழுதுவதற்கும் 'பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் கோப்பு எழுதியவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் அந்தக் கண்டிப்பு சரியென்றே படுகிறது. சியாட்டில் குழாய்களில் நடந்ததைப் படித்த பிறகு ஏரியை ஒரு குழாயாக நினைக்க மனம் வரவில்லை. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "இப்ப மட்டும் அதுல என்ன இருக்குன்னு யாருக்கு சார் தெரியும்?" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

இருக்கிற கூட்டத்தை முதலில் கணக்கெடுப்போம் என்று ஒரு வழியும் உண்டு. அதில் நம்மூர்க்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கார்த்திக் ராமன் குழுவினர் பாக்டீரியாக் கூட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். யார் யாருக்கு என்ன கொடுக்கிறார், யாரை எடுத்துவிட்டால் யார் பட்டினி கிடப்பார் என்று மரபணுவை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். 2022-இல் அவர்கள் நாசாவின் கஸ்தூரி வெங்கடேஸ்வரனுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சர்வதேச விண்வெளி நிலையத்தில் குடியிருக்கும் கிருமிகளைப் பற்றியது. வெங்கடேஸ்வரன் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு புது பாக்டீரியாவுக்கு 2017-இல் அப்துல் கலாம் பெயரை வைத்ததும் அவர் குழுதான்.

மூன்று பயணங்களில், நிலையத்தின் ஏழு இடங்களில் துடைத்தெடுத்த மாதிரிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். க்ளெப்சியெல்லா நிமோனியே என்பது அங்கே எங்கும் தென்பட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் காய்ச்சல் தருவதாக டாக்டர்கள் அஞ்சுகிற பேர்வழி. விண்வெளி நிலையத்தில் அது பக்கத்திலிருக்கும் பாக்டீரியாக்களுக்கு, முக்கியமாக பான்டோயா என்ற வகைக்கு, வளரத் தேவையானதைக் கொடுக்கிறது என்றது கணக்கு. ஒரு பூஞ்சையின் வளர்ச்சியை மட்டும் தடுக்கிறது என்றும் காட்டியது. இதை ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சை கணக்குச் சொன்னபடியே தேய்ந்துபோனது.